கிழக்கே வாய்க்கால்: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
உறுப்பினர்-செயலர் அவர்களும் குழும உறுப்பினர்களும்,
சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர், சென்னை.

மதிப்புக்குரியீர், வணக்கம்.

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுப்பது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வேலையில் இருக்கிறீர்கள். தொலைநோக்கு ஆவணத்துக்காக ஏற்கெனவே இணையத்திலும் கூட்டங்களிலும் மக்களிடம் கருத்துக் கேட்டீர்கள். வரைவு தயாரானதும் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி இன்னொரு முறை கேட்பீர்கள். அந்த இரண்டாவது கேட்பைப் பற்றித்தான் இந்த மடல். முதல் கேட்பில் சொல்வதற்கு எல்லோரிடமும் ஏதாவது இருந்திருக்கும். நகரம் எப்படி இருக்கவேண்டும் என்றால் பூங்கா வேண்டும், மெட்ரோ வேண்டும், குப்பை நாறக்கூடாது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். என் தெருவுக்கு என்ன ஆகப்போகிறது என்பதற்குக் கருத்துச் சொல்ல வேண்டுமானால், கையில் ஒரு வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தில் என்ன இருக்கவேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் தென்புறநகரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பக்கத்து நிலங்கள் பலவற்றின் மூலப் பத்திரங்கள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. வீடு வாங்குகிறவர்கள் கிரையப் பத்திரத்தில் விலையையும் தங்கள் பெயரையும் பார்ப்பார்கள். வங்கி வக்கீல் வில்லங்கம் பார்ப்பார். சொத்து விவரத்தில் வரும் நான்கெல்லையை யாரும் நின்று படிப்பதில்லை. எனக்கு அது பிழைப்பு என்பதால் படிக்கிறேன்.

ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய பத்திரம் ஒன்றை எடுத்தால், எல்லை ஏறக்குறைய இப்படி இருக்கும்: வடக்கே இன்னார் கழனி, தெற்கே ஏரி உள்வாய், மேற்கே களத்துமேடு, கிழக்கே வாய்க்கால். நிலம் நன்செய், ஏரிப் பாசனம். அதே புல எண் (சர்வே நம்பர்) உட்பிரிவாகி, மனைகளாகி, தொண்ணூறுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட பத்திரத்தில் வரும்போது நான்கெல்லை இப்படி மாறியிருக்கும்: வடக்கே மனை எண் 14, தெற்கே மனை எண் 16, மேற்கே மனை எண் 22, கிழக்கே 20 அடி ரோடு. களத்துமேடு போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. கிழக்கே இருந்த வாய்க்கால் எப்படி ரோடானது?

இதில் எப்போதும் ஒரு வில்லன் இருப்பான் என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் வாய்க்காலை மேவி ரோடு போட்டார்கள், உண்மைதான். சில இடங்களில் ஏரிப் பாசனம் நின்று, கழனிக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாமல் வாய்க்கால் தானாகத் தூர்ந்து, மாட்டுவண்டித் தடமாகி, பிறகு தெருவானது. இன்னும் சில இடங்களில் வாய்க்கால் அங்கேயேதான் இருக்கிறது, பத்திரத்தில் மட்டும் இல்லை. எழுதியவர் புலப்படத்தைப் பார்க்காமல் மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்த்து எழுதியிருப்பார். எப்படிப் போயிருந்தாலும் தண்ணீருக்குத் தெரியாது. கார்த்திகை அடைமழையில் பழைய பத்திரத்தைப் படித்துவிட்டு வந்ததுபோல் அது கிழக்குப் பக்கமே வந்து நிற்கும்.

உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். புல எண்ணைக் கொடுத்தால் அந்த நிலத்தின் உபயோகம் என்ன என்று சொல்லும் வசதி உங்கள் இணையதளத்தில் இருக்கிறது. நல்ல வசதி, நானே பயன்படுத்துகிறேன். ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம், நகர்மயமாகாத பகுதி என்று ஏதாவது ஒன்று வரும். ஏரியும் ஆறும் தனி நிறத்தில் இருக்கும். அதாவது வருவாய்ப் பதிவேட்டில் ‘ஏரி’ என்றோ ‘ஓடை’ என்றோ புறம்போக்காகப் பதிவான இடம் நீர்நிலை, அதை ஒட்டிய பட்டா நிலம் குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு.

தண்ணீர் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. ஏரி முழுக் கொள்ளளவுக்கு நிரம்பும்போது நீர் பரவும் இடத்தில் பட்டா நிலம் உண்டு. உள்வாய் நிலம் என்று ஊரில் சொல்வது அதைத்தான். ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் முதலில் மூழ்கும் கழனிகளும் பட்டாதான். அங்கே நெல் நட்டவருக்கு அது தெரியும். வருடத்தில் ஒரு மாதம் தண்ணீர் நிற்கும், வடிந்ததும் நடுவார். விற்றபோதும் வாங்கியவருக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவரும் உள்ளூர்க்காரர். மூன்றாவது கைக்கு மாறி, மனைப்பிரிவாகி, ‘அப்ரூவ்டு பிளாட்’ என்று பலகை வைக்கும்போது அந்தத் தகவல் எந்தக் காகிதத்திலும் இல்லை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஏரியின் எல்லைக்குள் இருக்கும் ஆக்கிரமிப்பைத்தான் தொடும். எல்லைக்கு வெளியே, முறையான பட்டாவோடு, முறையான அனுமதியோடு, தண்ணீர் நிற்கிற இடத்தில் கட்டப்பட்ட வீட்டைப் பற்றிப் பேச நம்மிடம் ஒரு சட்டமும் இல்லை, ஒரு வரைபடமும் இல்லை. வெள்ளம் வந்தால் தொலைக்காட்சியில் ‘ஏரியை ஆக்கிரமித்துக் கட்டினால் இப்படித்தான்’ என்பார்கள். ஒரு சென்ட் ஆக்கிரமிக்காதவர்கள் படகில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டது பெரிய சர்ச்சையானது. பேச்செல்லாம் அந்த மதகைச் சுற்றியே நின்றுவிட்டது. ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் காரணமில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து அடையாறு அங்கே தனியாக வருகிறது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அதில் சேருவது அதற்கும் கீழேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திறக்கப்பட்ட மதகு முக்கியக் காரணமாகப் பேசப்படவில்லை. அப்போதும் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. மதகைத் திறந்த கையைத் தேடுவது எளிது. நிலத்துக்கு நிறம் தீட்டிய கையைத் தேடினால் முப்பது வருடம் பின்னால் போக வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் போகும் வழியைச் சொல்கிறேன். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு, அங்கிருந்து நாராயணபுரத்துக்கு, அதிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. சுற்றிலும் இருக்கும் இன்னும் பல ஏரிகள், தாங்கல்களின் உபரியும் கடைசியில் அங்கேதான் சேர்கிறது. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு முகத்துவாரம், கடல். இவ்வளவு பெரிய வடிநிலத்துக்கு வாசல் ஒரு மடுவு. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஏரிகளை இணைத்த கால்வாய்கள்தான் அந்த மாவட்டம். ஏரியைத் தூர்வாரி, கரையில் நடைபாதை போட்டு, விளக்கு வைத்துப் படம் எடுக்கிறோம். இரண்டு ஏரிக்கும் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போக்குக்கால்வாயைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. அது பெரும்பாலும் பட்டா நிலங்களுக்கு நடுவே போகிறது. உங்கள் நில உபயோக வரைபடத்தின் அளவில் அதன் அகலம் ஒரு கோட்டின் தடிமனுக்கும் குறைவு. குடியிருப்பின் நிறம் அதை விழுங்கிவிடுகிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், அறிவியல் ஆய்வு முடிந்து தாக்கப் பகுதி எது என்று வரையறுக்கும் வரை கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. தீர்ப்பாயத்தைக் குறை சொல்ல மாட்டேன். எல்லை யாரும் போடாதபோது அவர்கள் ஒரு வட்டம் போட்டார்கள். ஆனால் தண்ணீர் வட்டமாகப் பரவுவதில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் மேடான இடத்தில் அரை கிரவுண்டு வாங்கிவைத்தவரின் வீட்டு அனுமதி நிற்கும்; மூன்று கிலோமீட்டர் தள்ளி, போக்குக்கால்வாய் ஓரத்துப் பள்ளத்தில் அடுக்குமாடி எழும்பும். என் மேசைக்கு வந்தவர்களில் கல்யாணச் செலவுக்கு மனையை விற்க வந்து, வாங்க ஆளில்லாமல் திரும்பியவர்கள் உண்டு. முழுமைத் திட்டத்தில் நிதானமாக, அளந்து, கருத்துக் கேட்டுப் போடவேண்டிய கோட்டை நாம் போடாமல் விட்டால், அதை ஒரு நாள் நீதிமன்றம் அவசரத்தில் போடும். அப்போது ஆட்சேபணை சொல்ல யாருக்கும் இரண்டு மாதம் கிடைக்காது.

ஆகவே கேட்பது இதுதான். வரைவை வெளியிடும்போது நில உபயோக வரைபடத்தோடு நீர் வரைபடம் ஒன்றையும் அதே கிராம, புல எண் அளவில் வெளியிடுங்கள். ஏரிப் புறம்போக்கின் எல்லை மட்டும் போதாது. முழுக் கொள்ளளவில் நீர் எதுவரை பரவும், கலங்கல் வழிந்தால் எந்தப் பாதை, வரத்துக்கால்வாய் எது, போக்குக்கால்வாய் எது, 2015-இலும் 2023-இலும் எந்தப் புல எண்களில் தண்ணீர் நின்றது, எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் அதில் வேண்டும். பட்டா நிலம் என்பதற்காக எதையும் விட்டுவிட வேண்டாம். இதற்கான சரக்கு அரசிடமே சிதறிக் கிடக்கிறது. நில அளவைத் துறையிடம் பழைய கிராம வரைபடமும் புலப்படங்களும் இருக்கின்றன, நீர்வளத் துறையிடம் ஏரிக் கணக்கு இருக்கிறது, பதிவுத் துறையிடம் ‘கிழக்கே வாய்க்கால்’ இருக்கிறது. நான்கையும் ஒரு மேசையில் விரித்துப் பார்க்கும் அதிகாரம் இந்தப் பெருநகரில் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது.

பட்டா நிலத்தில் எப்படிக் கை வைப்பது என்று கேட்பீர்கள். ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள். திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணற்பகுதியை நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்று ஒதுக்கி, அங்கே கட்டுமானத்துக்குத் தனி வரம்பு வைத்தது உங்கள் திட்டம்தான். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தியதும் உங்கள் திட்டம்தான். குடிநீருக்காகப் பட்டா நிலத்தில் கோடு போட முடிந்தபோது, வெள்ளத்துக்காக ஏன் முடியாது?

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டியம்பாக்கத்தில் இரண்டு ஏக்கர் கழனி வைத்திருப்பவரிடம் ‘உன் நிலத்தில் தண்ணீர் நிற்கும், அதனால் நீ விற்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பக்கத்து நிலத்துக்காரர் அடுக்குமாடிக்குக் கொடுத்துவிட்டுக் காரில் போகும்போது இவர் மட்டும் ஊருக்காக வெள்ளத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? இப்படிக் கோடு போட்டால் அவர் உங்கள் கூட்டத்துக்கு வந்து சண்டை போடுவார், போடவும் வேண்டும். மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்று ஒன்று நம் விதிகளில் இருக்கிறது. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தவருக்கு, பணத்துக்குப் பதிலாக வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமையைச் சான்றாகக் கொடுக்கிறோம். அதை அவர் விற்கலாம். நீர் நிற்கும் பட்டா நிலத்துக்கும் அதைக் கொடுங்கள். மெட்ரோ பாதையை ஒட்டிய இடங்களில் கூடுதல் தளப்பரப்பு தரப்போகிறீர்கள் என்றால், அதைச் சும்மா தராமல், இந்தச் சான்றை வாங்கிக்கொண்டு வருபவருக்குத் தாருங்கள். ராஜீவ் காந்தி சாலையில் மாடி ஏறுகிறவரின் பணத்தில் ஒரு பங்கு, தண்ணீரைத் தாங்கும் கழனிக்காரருக்குப் போகட்டும். பணம் இல்லாத பாதுகாப்பு எங்கள் பக்கத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். சனிக்கிழமை ஒப்பந்தம் போட்டு, திங்கட்கிழமை மண் லாரி வந்துவிடும்.

அடுத்தது நில உபயோக மாற்றம். இதை நான் நாளேடுகளில்தான் பார்க்கிறேன். உள்பக்கத்தில், காணவில்லை அறிவிப்புக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவே, பொடி எழுத்தில் ஒரு கட்டம். இன்ன கிராமம், புல எண் இத்தனை, அதன் உட்பிரிவுகள் வரிசையாக, மொத்தப் பரப்பு இவ்வளவு ஹெக்டேர், விவசாய உபயோகப் பகுதியிலிருந்து ஆதாரக் குடியிருப்புப் பகுதியாக மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் குறித்த நாட்களுக்குள் தெரிவிக்கலாம். அந்தப் புல எண் தன் வீட்டுக்கு மேற்கேயா கிழக்கேயா என்று படிக்கிறவரில் யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் புல எண்ணே தெரியாது. பத்திரத்தை எடுத்துப் பார்க்க வங்கி லாக்கருக்குப் போக வேண்டும்.

இருபதாண்டுத் திட்டத்துக்கு ஊரையெல்லாம் கூட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து அதைப் புல எண் புல எண்ணாகச் சில்லறையில் மாற்றிக்கொண்டே போனால், அந்தக் கேட்புக்கு என்ன மரியாதை? மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது வருடம் ஒரு ஊரைப் பூட்டிவைக்க முடியாது. சட்டத்திலேயே ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுஆய்வு செய்ய இடம் இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் சில்லறை மாற்றங்களில் பாதிக்குத் தேவையே இருக்காது. மீதிக்கு என் கோரிக்கை எளிது. நீர் வரைபடத்தில் வந்த புல எண்களுக்கு, ஒரு மறுஆய்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் நில உபயோக மாற்றம் கிடையாது என்று விதியில் எழுதுங்கள். மற்ற புல எண்களுக்கு, அறிவிப்பை நிலத்தின் மேலேயே பலகையாக வையுங்கள். மனை விற்பவர் வைக்கிற அளவில், சாலையிலிருந்து படிக்கிற எழுத்தில். அவர்களுக்குக் கைவந்த கலை, உங்களுக்கு வராதா?

இனி கேட்கும் முறை. வரைவு வெளியானதும் ஆட்சேபணைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தரவேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதத்தில் ஒருவர் படிக்க வேண்டியது பல நூறு பக்கம் அறிக்கை, விதித் தொகுப்பு, இணைப்புகள், வரைபடங்கள். எல்லாம் தமிழிலும் வேண்டும். சுருக்கத்தை மட்டும் தமிழில் போட்டுவிட்டு விதிகளை ஆங்கிலத்தில் விடுவது போதாது. மனிதர்களைக் கட்டுப்படுத்தப்போவது விதிகள்தான். வரைபடத்தின் ஓரத்தில் நிறங்களுக்கு எழுதும் குறிப்பும், ஊர்ப் பெயர்களும், ஏரிப் பெயர்களும் தமிழில் வேண்டும். முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939-இல் உயிர்விட்ட இருவரின் பெயர் உங்கள் கட்டடத்துக்கு இருக்கிறது. அங்கே இருந்துகொண்டு தமிழுக்காக ஒருவர் மனுக் கொடுக்க வேண்டியிருக்கக் கூடாது.

கூட்டத்தை எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமில்லை. நட்சத்திர ஓட்டல் அரங்கில், குளிரூட்டிய கூடத்தில், காலை பத்தரை மணிக்கு வைத்தால் வருகிறவர்கள் கட்டுநர் சங்கத்தினர், ஆலோசனை நிறுவனத்தினர், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், என்னைப் போல நேரம் வளைக்கக்கூடிய சிலர். கண்ணகி நகரிலும் எழில் நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கம் குடியிருப்பிலும் இருப்பவர்கள் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் வெள்ள அபாயம் என்று சொல்லி இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள் அவர்களில் பலர். வந்த இடத்திலும் வெள்ளம். நீர் வரைபடம் எந்த ஒரு கூட்டத்துக்காவது தேவை என்றால் அது அவர்களுக்குத்தான். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அரசே கட்டிக்கொடுத்த வீட்டைப் பற்றி அரசிடம் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு முதலில் இருக்கிறது. ஞாயிறு மாலை, குடியிருப்புக்குள் இருக்கும் பள்ளியில், தரையில் பெரிதாக விரித்த வரைபடத்தோடு வையுங்கள். பெண்கள்தான் அதிகம் வருவார்கள். எந்தத் தெருவில் முழங்கால், எந்தத் தெருவில் இடுப்பு என்று அவர்கள் சொல்வதை எந்த ஆலோசனை நிறுவனத்தின் கணினியாலும் சொல்ல முடியாது.

எழுதிக் கொடுத்த ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் பதில் எழுத்தில் வேண்டும். ‘பரிசீலிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் பதிலில்லை. ஏற்றீர்களா, ஏற்றால் வரைபடத்தில் எங்கே மாறியது. மறுத்தீர்களா, மறுத்தால் ஏன். கிராம வாரியாகத் தொகுத்து, திட்டத்தை அரசின் ஒப்புதலுக்கு அனுப்பும் முன் வெளியிடுங்கள். ஆயிரக்கணக்கில் வரும், ஆள் போதாது என்பீர்கள். ஒரே ஏரியைப் பற்றி நானூறு பேர் எழுதினால் நானூறு பதில் வேண்டாம், ஒரு பதில் போதும். ஒப்புதல் வாங்கியபின் பதில் சொல்வது, தைத்து முடித்த சட்டைக்கு அளவெடுக்கக் கூப்பிடுவதுபோல.

வேறு சில உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவது திட்டம் 2026-இல் பெருநகர மக்கள்தொகை சுமார் 1.26 கோடி இருக்கும் என்று கணக்கிட்டது. சரியா தவறா என்று பார்க்கக்கூட வழியில்லை, ஏனென்றால் 2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. கடைசியாக எண்ணப்பட்டது 2011. அப்போது சித்தாலப்பாக்கம் ஊராட்சி எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்கள் அந்த எண்ணை வைத்துக் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் கணக்குப் போட மாட்டார்கள். புதிய கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் திட்டத்தின் எந்தெந்தப் பகுதிகள் திருத்தப்படும் என்று வரைவிலேயே எழுதிவிடுங்கள்.

பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022 அக்டோபரில் அரசாணை வந்தது. மூன்றாவது திட்டம் பழைய எல்லைக்கு, வெளியே துணைநகரங்களுக்குத் தனித் திட்டங்கள் என்பது என் புரிதல். அடையாறும் கொசஸ்தலையாறும் பழைய எல்லைக்கு வெளியே தொடங்கி உள்ளே வருகின்றன. நீர் வரைபடத்தையாவது விரிந்த எல்லைக்கு ஒன்றாகப் போடுங்கள். மேலே ஒரு திட்டம் மேடாக்கினால் கீழே இன்னொரு திட்டம் மூழ்கும்.

கிளாம்பாக்கத்தையும் ஒரு வரி சொல்லாமல் விட மனமில்லை. பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தது. பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் இறங்க ரயில் நிலையம் அன்று தயாராக இல்லை. எது முதலில், எது பிறகு என்ற வரிசை இல்லாத திட்டம், பெட்டி படுக்கையோடு வருகிறவர்களைச் சாலையில் நிறுத்தும். மூன்றாவது திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு முன் முடியவேண்டிய வேலை எது என்று ஒரு பத்தி இருக்கட்டும். குடியிருப்பு நிறம் தீட்டும் இடங்களுக்கு அந்த முன்வேலை, போக்குக்கால்வாய்.

கடைசியாக, கெடுவைப் பற்றி. இரண்டு மாதம் என்பது குறைந்த அளவுதான். கூடுதலாகக் கொடுக்கச் சட்டத்தில் தடையில்லை. வரைவை எந்த மாதம் வெளியிட்டாலும், ஆட்சேபணைக்கான கடைசி நாளை ஒரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னால், தை மாதத்தில் வையுங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் உங்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று பார்த்தவர் எழுதுவது ஒன்று, சித்திரை வெயிலில் உட்கார்ந்து எழுதுவது வேறொன்று. இதை முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் கெடுவை நீட்டித்தால், அதுவும் அதே உள்பக்கக் கட்டத்தில்தான் வரும், யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இப்படிக்கு,
தென்புறநகரில் குடியிருந்து, அங்கேயே பத்திரம் எழுதும் ஒருவர்